விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை பைபாஸ் பக்கத்தில் இருக்கிற பெரிய மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டிக்கொண்டு போனாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, இழுத்துக்கொண்டு போனாள். சாமான்களைக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு பில் போடப் போனால், அங்கே பில் போட ஆளில்லை. வரிசையாக மெஷின்கள்தான் நின்றன. ஒவ்வொரு பொருளையும் நாமே எடுத்துக் கண்ணாடிக்கு நேரே காட்ட வேண்டுமாம். "அம்மே, மாறி நில்லு, ஞான் செய்யாம்" என்றாள் மகள். அவளுக்குப் பள்ளியில் மலையாளம், வீட்டில் பாதி மலையாளம், கோபம் வந்தால் முழு மலையாளம். நான் ஒதுங்கி நின்றேன். கொல்லன் தெருவில் ஊசி விற்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் பில் போட்டுப் பிழைத்தவள் நான், ஊசி விற்கிறவளை என் வீட்டிலேயே பெற்று வளர்த்திருக்கிறேன்.

ஒரு மல்லித்தூள் பாக்கெட் மட்டும் பிடிவாதமாகப் 'பீப்' சொல்லவில்லை. மகள் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஸ்டிக்கர் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். வாங்கி, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து நிமிர்த்திக் காட்டினேன், பீப். மகள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. அதை நான் ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் சீருடையில் நின்ற பெண்ணைக் கவனித்தேன். மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உதவ நிறுத்தியிருக்கிறார்கள். இடது காலை மாற்றி வலது காலில் நின்றாள், வலது காலை மாற்றி இடது காலில். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"இருந்துக்கிடலாமே மோளே?" என்றேன்.

"இருக்காம் சேச்சி, பக்ஷே..." என்று, உட்காரலாம்தான் ஆனால் என்கிற மாதிரி இழுத்து, கூரையில் இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள்.

என் விரலில் ஸ்டிக்கர் பசையின் வாசனை ஒட்டியிருந்தது. அந்த வாசனைதான் என்னைப் பிடித்துக்கொண்டுபோய் என் பழைய கடையில் நிறுத்தியது. நிறுத்தியது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தக் கடையில் எங்களுக்கு நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் வலது பக்கம் இருந்தது. கீழே பாத்திரமும் பிளாஸ்டிக்கும், மேல்மாடிகளில் துணி. பெயர் எதற்கு, அந்தக் கட்டடமே இப்போது இல்லை. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அதே தெருவில் அரிசி மண்டியில் கணக்கெழுதிய என் அப்பாதான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். "நம்ம ஊர் ஆளு கடை, பயமில்லாம போ" என்றார். நம்ம ஊர் ஆளிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது எனக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தது.

நான் சேர்ந்த சமயத்தில்தான் கடைக்கு கம்ப்யூட்டரும் பார்கோடும் வந்தன. அதற்கு முன்னால் சாலைக் கடைத்தெருவில் எந்த விலையும் வாயால் சொல்வது, வாயால் குறைப்பது. எங்கள் சூப்பர்வைசர் வேணு சார் எங்கோ போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்: "ஸ்கேன் ஆயால் ஆயி. பின்னெ ஆரும் மிண்டண்டா." ஸ்கேன் ஆகிவிட்டால் முடிந்தது, அப்புறம் யாரும் வாய் திறக்க வேண்டாம். நல்ல மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், இரண்டும் எழுதாது.

காலையில் என் முதல் வேலை பின்னறையில். கம்பெனிச் சரக்குகள் தங்கள் பார்கோடு வரிகளோடுதான் வரும். வாளி, முறம், எவர்சில்வர் போணி, ஸ்டூல் இதெல்லாம் பிறந்தமேனிக்கு வரும். அவற்றுக்கு வரி அடித்து ஒட்டுவது என் பொறுப்பு, அது முடிந்தால் நாள் முழுக்க பில் கவுண்டர். ஸ்டிக்கர் அடிக்கிற சின்ன மெஷின் சூடானதும் ரிப்பனும் பசையும் சேர்ந்து ஒரு வாசனை எழும்பும். எனக்கு அது பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும், வெட்கமில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்தக் கறுப்பு வரிகளுக்குள் பெயரும் இல்லை, விலையும் இல்லை. ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது. அந்த எண் வாளியா வடிதட்டா என்பது கடை கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அது இல்லையென்றால் வரிகள் வெறும் கோடுதான்.

எங்கள் கழுத்தில் தொங்கிய அட்டையிலும் அதே வரிகள். எந்தப் பெண் விற்றாள் என்று பில்லில் ஏற அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஒருநாள் விளையாட்டுக்கு என் அட்டையை சரக்கு காட்ட வேண்டிய இடத்தில் காட்டினேன். 'அப்படியொரு பொருள் இல்லை' என்று திரையில் வந்தது. அந்தக் கடையில் என்னை அப்படி மதித்தது அது ஒன்றுதான்.

அண்ணாச்சிக்கு பார்கோடு மேல் அப்படியொரு காதல். விலை குறைக்கச் சொன்னால் கையை விரித்துவிடுவார்: "மெஷின் சொல்லிட்டு, நான் என்ன செய்ய?" ஒருமுறை ஸ்டிக்கர் சுருள்கள் மாறிப்போய், வலியசாலையிலிருந்து வந்த ஒரு மாமா வாங்கிய தேங்காய்த் துருவி, பில்லில் டபுள் பெட்ஷீட் என்று ஏறிவிட்டது. விலையும் பெட்ஷீட் விலை. மறுநாள் மாமா பில்லும் துருவியுமாக வந்தார். "ஏன்டிம்மா, இதை வச்சுண்டு தேங்காய் திருவறதா, போத்திண்டு படுக்கறதா?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தேன். "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது சாமி. பில்லு போட்டா போட்டதுதான். போட்ட பெறகு அது உங்க சாமானம், கடை அதுல கை வைக்காது" என்று சொல்லி, என் கவுண்டருக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. மலையாளத்தில் பெரிதாக, தமிழில் நடுத்தரமாக, இங்கிலீஷில் பொடியாக எழுதியிருக்கும். மாமா புலம்பிக்கொண்டே படியிறங்கினார். அண்ணாச்சி அன்று எல்லோர் காதிலும் விழச் சொன்ன அந்த வாக்கியத்தை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

நிற்கிற கதைக்கு வருகிறேன். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்குகிறவரை நாங்கள் நிற்க வேண்டும். சுவரில் சாயக்கூடாது, ரேக்கில் கை ஊன்றக்கூடாது. சாப்பாட்டு நேரத்தில் குடோனில் தரையில் உட்காரலாம், அதற்குள் மணியடித்துவிடும். இது எங்கள் கடையில் மட்டும் இருந்த கொடுமை இல்லை, ஊரில் பல கடைகளில் அதுதான் முறை. அண்ணாச்சி அதற்கு சாஸ்திரமே வைத்திருந்தார். "கஸ்டமர் மகாலெட்சுமி. லெட்சுமி வரும்போ நீ குத்தவச்சு உக்காந்திருந்தா அவ உள்ள வருவாளா?" என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரில் லட்சுமி தாமரையில் சம்மணம் போட்டு சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

பாத்திரப் பிரிவில் இருந்தவள் மரகதம் அக்கா. விதுராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன் இருந்தான். கரமனையில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். "எங்கம்ம மலையில நின்னு கொழுந்து கிள்ளுனா. நான் டைல்ஸ்ல நின்னு தட்டு விக்கேன். மலையில நின்னா காத்தாவது வரும்" என்பாள். ஆளைப் பார்த்ததும் எது வாங்க வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள், பாதி நேரம் தப்பாக இருக்கும், ஆனாலும் வந்தவர்கள் அவள் சொன்னதையே வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவளுக்குக் கால் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு புடைத்து, சாயங்காலமானால் கணுக்கால் செருப்புக்குள் நுழையாது. மெடிக்கல் காலேஜில் காட்டினாள். வெரிக்கோஸ், இடையிடையே உட்காராவிட்டால் புண்ணாகும், புண்ணானால் லேசில் ஆறாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் அதை வேணு சாரிடம் சொன்னாள். வேணு சார் அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சி, "காலு வய்யாத்தவ வீட்டுல இருக்கட்டும்" என்றார். வீட்டில் இருந்தால் வாடகை யார் கொடுப்பார்? உட்கார்ந்தால் வேலை போகும், நின்றால் கால் போகும். அப்படித்தான் அவளுடைய அந்த வருஷத்து ஓணம் வந்தது.

ஓணச் சீசனில் ஒருநாள், கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவள் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். மாடிப்படியிலிருந்து பார்த்த அண்ணாச்சி அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை கடை திறந்து சாம்பிராணி போட்டு முடித்த நேரம். மரகதம் அக்கா ரேக்கிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தாள்.

"மோளே, இதுக்கொரு பில்லு போடு."

"ஆருக்கு அக்கா?"

"எனக்குத்தான்."

"வித்தது ஆருன்னு போட?"

கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி நீட்டினாள். "நானே வித்தேன், நானே வாங்குனேன்."

அவள் பணத்தை வைத்தாள், நான் ஸ்டூலின் தலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். பீப். பில் வந்தது. அவள் அதை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு, ஸ்டூலை எவர்சில்வர் ரேக்குக்குப் பக்கத்தில் போட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வேணு சார் ஓடி வந்தார். "மரகதம், எழுந்நேல்க்கு. ஸ்டூல் ஸ்டாக்கில் வெய்க்கு."

"கஸ்டமர் வந்தா எந்திரிப்பேன் சார். ஆளில்லாதப்ப இருக்கேன். இது ஸ்டாக்குல இல்ல, கம்ப்யூட்டர்ல நோக்குங்க."

அவர் என் பக்கம் வந்து திரையைப் பார்த்தார். நீல ஸ்டூல் ஒன்று குறைந்திருந்தது. மெஷினுக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே. அதற்குள் அண்ணாச்சி மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டார். வாளி வாங்க வந்த இரண்டு பெண்கள் வாளியை மறந்து நின்றார்கள்.

"என்ன மரகதம், கடையை உனக்கு எழுதித் தந்தாச்சா?"

"கடை வேண்டாம் அண்ணாச்சி. இது போதும்."

"எந்திரிட்டி."

"எந்திரிச்சா எடுத்துருவீய."

"என் கடைச் சரக்கை நான் எடுத்தா என்ன?"

அவள் பர்ஸைத் திறந்து பில்லை எடுத்துப் பிடித்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். "எனக்குத் தமிழ் அவ்வளவா வாசிக்க வராது அண்ணாச்சி, மலையாளத்துல இருக்கத வாசிக்கேன்" என்று சொல்லி, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்: "விற்ற சாதனங்ஙள் திரிச்செடுக்குந்நதல்ல."

வாளிக்காரப் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"சரி. ஸ்டூலு உன்னது. தரை என்னது."

"காலு என்னது அண்ணாச்சி."

அண்ணாச்சி பக்கத்தில் யார் மேல் பாயலாம் என்று பார்த்தார். நான் இருந்தேன். "ஏ பிள்ளே, அந்தப் பில்லை கேன்சல் பண்ணு" என்றார்.

நான் ஸ்கேனரைக் கையில் எடுத்தேன். ஸ்டூலைப் பார்த்தேன். ஸ்டிக்கர் ஸ்டூலின் தலையில் இருந்தது. அதன் மேல்தான் மரகதம் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"கேன்சல் பண்ணணும்னா ஸ்டிக்கரை மறுபடி ஸ்கேன் பண்ணணும் அண்ணாச்சி. அக்கா அதுக்கு மேல இருக்காங்க" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த பார்கோடை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், வரிகளுக்கு அடியில் எண்கள் அச்சாகியிருக்கும். வரி கிழிந்துபோனால் விரலால் தட்டுவதற்காக. பில்லிலும் அதே எண் இருக்கிறது. அதைத் தட்டினால் அரை நிமிஷத்தில் கேன்சல் ஆகிவிடும். அது எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே வேணு சார்தான்.

அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பினார். "வே வேணு, ஸ்கேன் பண்ணாம ஒண்ணும் நடக்காதா?"

வேணு சார் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மரகதம் அக்காவின் கணுக்காலைப் பார்த்தார். அவரும் காலையிலிருந்து ராத்திரிவரை நிற்கிறவர்தான், சூப்பர்வைசர் என்பதற்காக யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை.

"இல்ல முதலாளி" என்றார். "ஸ்கேன் செய்யாதெ மெஷின் சம்மதிக்கில்ல."

அண்ணாச்சி மெஷினைப் பார்த்தார். இத்தனை நாள் தனக்காகப் பேசிய மெஷின் இன்று எதிர்க்கட்சி ஆகிவிட்டதை அவரால் நம்ப முடியவில்லை. "நாளைக்குப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். வாளிக்காரப் பெண்கள் கிட்டே வந்தார்கள். மரகதம் அக்கா எழுந்து நின்று, "எந்தா வேணும் சேச்சி?" என்று கேட்டு, அவர்களுக்கு வாளியோடு இரண்டு குழம்புச் சட்டியும் விற்றாள். அவர்கள் போனதும் திரும்ப உட்கார்ந்தாள்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவுக்குச் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. "நம்ம ஆளை எதுத்துக்கிட்டு நிக்கலாமாட்டி?" என்று கத்தினார். "நீங்க மண்டியில மெத்தை போட்டு உக்காந்துதானப்பா கணக்கெழுதுதீங்க?" என்று கேட்டேன். அவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சோற்றைப் பிசையத் தொடங்கினார். நான் அதிகம் பேசுகிறேன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பெயர் உண்டு, அது அன்றைக்குத் தொடங்கியது.

மறுநாள் அண்ணாச்சி ஒன்றும் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்குள் துணிப் பிரிவிலிருந்து இருவர் இறங்கி வந்து ஆளுக்கொரு ஸ்டூல் பில் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் சிலர். ஓணக் கூட்டத்தில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரே நின்று தட்டு விற்க முடியாதே. ஸ்டூல் சரக்கு தீர்ந்துபோனது. கூட்டம் இருக்கும்போது நிற்பது, இல்லாதபோது உட்காருவது என்று ஒரு வழக்கம் தானாக வந்தது. அண்ணாச்சி சம்மதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பின்னறைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஏ பிள்ளே, இனிமே ஸ்டூலுக்கு ஸ்டிக்கரைக் கீழ ஒட்டு" என்றார். நான் 'சரி' என்றேன். மேலேதான் ஒட்டினேன்.

பல வருஷம் கழித்துக் கடைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி, உட்காரச் சட்டமே வந்தது. அன்று விதுராவிலிருந்து மரகதம் அக்கா போன் செய்தாள். மகன் அங்கே வீடு கட்டி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். "கேட்டியா மோளே, நம்ம சட்டம் வந்துட்டு" என்றாள், ஏதோ அவளும் நானும் சேர்ந்து எழுதி அனுப்பியது போல. எழுதாவிட்டால் என்ன, உட்கார்ந்து காட்டியவள் அவள்.

இப்போது அந்தக் கடை இல்லை. அண்ணாச்சியின் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள், அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. மூன்று மொழிப் பலகை எங்கே போனதென்று தெரியவில்லை. வேணு சாரைப் பற்றி விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. மாலில் நின்ற அந்தப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, "நீயும் ஒரு ஸ்டூலை பில் போட்டு வாங்கிடு" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நடக்கில்ல சேச்சி. டியூட்டி டைமில் ஸ்டாஃபினு பில் அடிக்கான் சிஸ்டம் சம்மதிக்கில்ல." வேலை நேரத்தில் ஊழியருக்கு பில் போட சிஸ்டம் விடாதாம். எங்கள் மெஷினுக்குப் பொருளும் விலையும் விற்றவளும் மட்டும்தான் தெரியும், வாங்குகிறவள் யாரென்று அது கவலைப்பட்டதில்லை. இந்த மெஷின்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த அப்பாவி மெஷினும் போய்விட்டது. அதற்காக நான் சும்மா இருக்கவில்லை. பின்னால் கிடந்த நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். "கேமரா பாக்கட்டும், போட்டது நான்னு சொல்லு" என்றேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், பாதிதான்.

அந்த நீல ஸ்டூல் இப்போது என் அடுக்களையில் இருக்கிறது. விதுராவுக்குப் போகும்போது மரகதம் அக்கா எனக்குத் தந்துவிட்டுப் போனாள், பில்லையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு. "ஸ்டிக்கரைப் பிச்சிராத" என்றாள். மாலிலிருந்து வந்ததும் மகள் போனை எடுத்து ஸ்டூலின் தலையில் காட்டினாள். பீப் இல்லை. சாய்த்துக் காட்டினாள், விளக்கைப் போட்டுக் காட்டினாள். "அம்மே, இதில் ஒந்நும் இல்லல்லோ" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். வரியும் இல்லை, எண்ணும் இல்லை. அக்கா வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாம் தேய்ந்து வெறும் வெள்ளைக் காகிதம் மட்டும் ஒட்டியிருந்தது. உறையிலிருந்த பில்லும் மை வெளுத்து வெற்றுத்தாளாகிவிட்டது. தேயட்டும், வெளுக்கட்டும். இனி அதை ஸ்கேன் செய்து கேன்சல் பண்ண யாராலும் முடியாது.